இரவு நீர் கீழூருக்கு

ஓஷ்,
ஏப்ரல் 6, 2009

அன்புள்ள மஸ்தூராவுக்கு,

கசிமாலி எழுதுவது. நானும் புருலும் நலம். குஜந்தில் நீயும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முழங்காலைப் பற்றிப் போன கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. வலி போய்விட்டதா, அல்லது எழுத உட்காரக்கூட வலி விடவில்லையா என்று யோசித்து இரண்டையும் புருலிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். "நேரா கேட்டு எழுதுங்களேன்" என்றாள். அதனால் கேட்கிறேன்.

மலையடிவாரப் பயண விவரத்தை நீ கேட்டபடி வரிசையாகத் தருகிறேன். உனக்குத் தெரிந்ததையும் எழுதுவேன், பொறுத்துக்கொள். விட்டுவிட்டு எழுதினால் எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது.

மேலூர் அக்-தெரெக், எங்கள் கிர்கிஸ் பக்கம். கீழூர் நாவ்போக், உங்கள் தாஜிக் பக்கம். நடுவில் ஒரே வாய்க்கால். மேலூர்க்காரர்கள் மார்ச் மாதத்தில் தலைமதகை அடைத்துவிட்டார்கள். பதிலுக்குக் கீழூர்க்காரர்கள், மேலூரார் சந்தைக்குப் போகிற ஒரே சாலையில் டிராக்டர் பெட்டிகளைக் குறுக்கே நிறுத்திவிட்டார்கள். கீழே ஆப்ரிகாட் பூத்து நிற்கிறது, வேரில் ஈரம் இல்லை. மேலே ஒரு பிரசவக்காரியைக் குதிரைமேல் வைத்து மலையைச் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தது அல்லாஹ்வின் கருணை.

ஷாஹ்னோசா நன்றாக வேலை செய்கிறாள். அலுவலகத்தை அவளிடம் ஒப்படைத்தது சரியான முடிவு எனத் தோன்றுகிறது. நம் நீர் ஆய்வு மையத்தின் வழக்கப்படி, அறிக்கையை அச்சுக்குக் கொடுக்குமுன் இரு ஊர்ப் பெரியவர்களையும் ஒரே இடத்தில் உட்காரவைத்து வாசித்துக் காட்டினோம். தண்ணீரைப் பங்கிட அறிக்கையில் எழுதியிருந்த மூன்று வழிகளையும் சொன்னோம். எது சிறந்தது என்று சொல்லவில்லை. கூச்சல் இருந்தது, கைகலப்பு இல்லை. பன்னிரண்டாம் பக்கத்தில் ஆவியாதல் பற்றிய பத்தியை நான் மறுபடி எழுத வேண்டும். அதில் அவ்வளவு உறுதியாகப் பேச நமக்கு ஆதாரம் போதாது எனத் தோன்றுகிறது.

வேறு விசேஷம் இல்லை. உன் மருமகளுக்கு எங்கள் ஆசிகள்.

உன் அண்ணன்,
கசிமாலி

பி.கு.: ஒரு சிறு விஷயம். கூட்டம் முடிந்ததும் அங்கேயே சாப்பிட நேர்ந்தது. ரொட்டிப் பை வண்டியிலேயே இருந்துவிட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு, வயதில் மூத்தவன் என்று எல்லாருக்காகவும் இறைவனிடம் என்னைத் துஆ கேட்கச் சொன்னார்கள். கேட்டேன். இதில் பெரிதாக ஒன்றும் இல்லை எனத் தோன்றுகிறது.


குஜந்த்,
ஏப்ரல் 15, 2009

மதிப்புக்குரிய கசிமாலி அண்ணாவுக்கு, மஸ்தூராவின் ஸலாம்.

முழங்கால் என்னோடுதான் இருக்கிறது, படியேறும்போது மட்டும் தன்னை ஞாபகப்படுத்துகிறது. புருல் அண்ணியிடம் சொல்லுங்கள், அவர் சொன்ன ஆட்டுக்கொழுப்பு வைத்தியம் செய்தேன், தெருவில் இருந்த பூனைகள் எல்லாம் இப்போது என் சிநேகிதர்கள்.

அண்ணா, நீங்கள் எழுதிய நான்கு பக்கத்தில் முக்கியமானது பின்குறிப்பு மட்டும்தான். தாஷ்கண்டில் நீர்ப்பாசனம் படித்த காலத்திலிருந்து உங்களைப் பார்க்கிறேன். உங்கள் கல்யாணச் செய்தியையே பின்குறிப்பில் எழுதிய மனிதர் நீங்கள். அதனால் நான் எப்போதும் கடைசியிலிருந்துதான் படிக்கத் தொடங்குவது.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே எங்கள் மாவட்ட அலுவலகத்திலிருந்து எனக்குத் தொலைபேசி வந்துவிட்டது. அந்த அதிகாரி இனிமையாகத்தான் பேசினார், அதுதான் பயம். "உங்க ஓஷ் பெரியவர் துஆ பண்ணியே எங்க தண்ணியப் பங்கு போட்டுட்டாராமே, அம்மா? எந்தச் சட்டத்துல இருக்கு, கொஞ்சம் காட்டுங்க, நாங்களும் படிச்சுக்கறோம்" என்றார். நீங்கள் கிளம்பிய மறுநாள் காலையில் மேலூர்க்காரர்கள் மதகைத் திறந்துவிட்டார்களாம். கீழூர்க்காரர்கள் டிராக்டர் பெட்டிகளை இழுத்து ஓரம் போட்டார்களாம். கேட்டால், எல்லாம் பேசி முடிந்துவிட்டது, துஆவும் ஆகிவிட்டது என்கிறார்களாம்.

நாம் மூன்று பேரும் கோகந்தில் ஹமிதுல்லா வீட்டில் உட்கார்ந்து மையத்தைத் தொடங்கிய அன்று என்ன எழுதினோம்? நாம் எழுதுவோம், தீர்த்துவைக்க மாட்டோம். யார் வீட்டிலும் கை நனைக்க மாட்டோம், நம் ரொட்டியை நாமே கொண்டுபோவோம். இதைச் சொன்னது யார்? ஒரு வேளைக்கு இரண்டு தட்டு புலாவ் சாப்பிடும் ஹமிதுல்லா! அவரே அந்த விதியைச் சாகும்வரை காப்பாற்றினார். ஒரு கிர்கிஸ், ஒரு தாஜிக், ஒரு உஸ்பெக் சேர்ந்து நடத்தும் இடம் இது. ஒருவர் ஒரு பக்கம் சாய்ந்ததாகப் பேச்சு வந்தால் மற்றவர்கள் தங்கள் ஊரில் தலைகாட்ட முடியாது.

கோபிக்கவில்லை. பயந்திருக்கிறேன். என்ன சொல்லித் துஆ கேட்டீர்கள்? வார்த்தை மாறாமல் எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
மஸ்தூரா


ஓஷ்,
ஏப்ரல் 24, 2009

அன்புள்ள மஸ்தூராவுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. புருல், "அங்க ஆட்டுத்தலைய சாப்பிடும்போது நல்லா இறங்கிச்சே" என்கிறாள். நீ கேட்டபடி, நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

கூட்டம் மேலூர்ப் பள்ளிக்கூடத்தில். வாசித்து முடித்தபோது மழை பிடித்துக்கொண்டது. யாரும் வெளியே போக முடியவில்லை. எங்களுக்குத் தெரியாமல் மேலூரார் முன்பே ஓர் ஆட்டை அறுத்து வைத்திருந்தார்கள். கீழூர் தாவ்லத் பார்த்தார். பார்த்துவிட்டு, மழையோடு மழையாகத் தன் வண்டிக்குப் போய் அரிசியும் காரட்டும் கொண்டுவந்தார். அவை அவர் எதற்காக வாங்கி வைத்திருந்தவையோ தெரியாது. மேலூர் மதகுக்காரர் சாத்திபால்டி அதைப் பார்த்து, "எங்க அடுப்புல உங்க அரிசி வேகுமா?" என்றார். தாவ்லத், "உங்க தண்ணி விட்டா வேகும்" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள், மஸ்தூரா. ஒரு மணி நேரம் முன்பு ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்கப் போனவர்கள்.

அந்த நேரத்தில் வண்டிக்குப் போய் ரொட்டிப் பையைக் கொண்டுவரும்படி ஷாஹ்னோசாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் எடுத்தேன். அந்த ஆட்டையும் அந்த அரிசியையும் ஒதுக்கிவிட்டு, என் காய்ந்த ரொட்டியை மெல்லுவது அவர்கள் முகத்தில் கதவைச் சாத்துவது போலிருக்கும் என்று பட்டது. மறுப்பதற்கும் ஒரு தைரியம் வேண்டும். அது எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

கதவுக்கு எதிரே உயர்ந்த இடத்தில் உட்காரவைத்து, மூத்தவர் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும் என்று ஆட்டுத்தலையை என் முன் வைத்தார்கள். வேண்டாம் என்று தள்ளினேன். மறுபடி வைத்தார்கள். காதை அறுத்து அங்கிருந்த ஒரு சிறுமியிடம் கொடுத்தேன், கண்ணை சாத்திபால்டிக்கும் தாவ்லத்துக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். அதுவே ஒரு பங்கீடாகிவிட்டது என்று இப்போது புரிகிறது.

முடிந்ததும் எல்லாரும் உள்ளங்கையை விரித்தார்கள். என்னைப் பார்த்தார்கள். நான் ஆரோக்கியம், மழை, பிள்ளைகள் என்று வழக்கமானதைக் கேட்டேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஒருவர்கூடக் கையை இறக்கவில்லை. இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தார்கள். அப்போது அறிக்கையின் மூன்றாவது வழி என் வாயில் வந்துவிட்டது. வார்த்தை மாறாமல் தருகிறேன்:

"இரவு நீர் கீழூருக்கு, பகல் நீர் மேலூருக்கு, சாலை எல்லாருக்கும்."

ஆமீன் என்று முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்தார்கள். அவ்வளவுதான். என்ன செய்வது என்று நீதான் சொல்ல வேண்டும். சொன்னபடி செய்கிறேன்.

கசிமாலி


குஜந்த்,
மே 10, 2009

மதிப்புக்குரிய அண்ணாவுக்கு,

அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். காரட் கொண்டுவந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கியது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து எழுதப்போவது உங்களுக்குப் பிடிக்காது.

இங்கே விஷயம் முற்றிவிட்டது. வேறு நாட்டுக் கிழவர் ஒருவர் வந்து நம் மண்ணின் தண்ணீருக்குத் தீர்ப்புச் சொல்வதா என்று மேலிடத்தில் கேட்கிறார்களாம். மையத்தின் பதிவை இந்தப் பக்கம் ரத்து செய்யும் பேச்சும் அடிபடுகிறது. ரத்தானால் இங்கே நம் ஆய்வாளர்கள் வேலை இழப்பார்கள், ஷாஹ்னோசா இனி எல்லையைத் தாண்டிக் கால் வைக்க முடியாது. ஆலோசகர் குழுவில் பேசினோம். நீங்கள் இல்லாமல் பேசியது எனக்கு வெட்கம்தான். ஒரு சிறு அறிவிப்பு எழுதியிருக்கிறோம். இத்துடன் இருக்கிறது: "அன்று கேட்கப்பட்டது உணவுக்குப் பிந்தைய வழக்கமான துஆ மட்டுமே. அதில் நீர்ப் பங்கீடு பற்றி எந்த முடிவும் இல்லை." நீங்கள் கையெழுத்திட்டால் இரு ஊரிலும் வாசித்துக் காட்டிவிடலாம்.

தயவுசெய்து கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

இன்னொன்று. உங்கள் ஒவ்வொரு வாக்கியமும் "எனத் தோன்றுகிறது" என்றுதான் முடியும். அறிக்கைகளில் அதை அடித்து அடித்து என் பேனா தேய்ந்துவிட்டது. அப்படி முடியாமல் உங்கள் வாயிலிருந்து வந்த வாக்கியம், எனக்குத் தெரிந்து, துஆவில் சொன்ன அந்த ஒன்றுதான். வேண்டுமென்றே சொன்னீர்களா, அண்ணா? மையத்துக்காகக் கேட்கவில்லை. எனக்காகக் கேட்கிறேன்.

மஸ்தூரா


ஓஷ்,
ஜூன் 2, 2009

அன்புள்ள மஸ்தூராவுக்கு,

அறிவிப்பைப் பார்த்தேன். ஒரு கால்புள்ளிகூட மாற்ற வேண்டியதில்லை. ஆனால் கையெழுத்துப் போடுமுன், வாசித்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டுமல்லவா? நம் வேலையே அதுதானே. காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேருந்தில் அக்-தெரெக் போனேன். புருலிடம் மட்டும் சொல்லிக்கொண்டேன்.

இந்தத் தடவை ரொட்டிப் பையை மறக்கவில்லை. மதகின் மேல் உட்கார்ந்து என் ரொட்டியைத் தின்றேன். சாத்திபால்டி வந்தார், என் பையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். பொதுவாகப் பேசுவது போல, ஒரு துஆவைச் சொன்னவரே அது வெறும் வழக்கத்துக்குச் சொன்னது என்றால் ஊரில் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று கேட்டேன்.

"துஆவத் திருப்பி வாங்கிக்கப் போறீங்களா, பெரியவரே? அப்ப தின்ன ஆட்டையும் திருப்பிக் கொடுங்க."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "காகிதத்துல எழுதினா மதகத் தொறக்க மாட்டோம். எத்தனை காகிதம் வந்துச்சு, பாத்தாச்சு. தாவ்லத்தும் நானும் ஒரே தலையில கண்ணு தின்னோம். அதனாலதான் தொறந்திருக்கு."

திரும்பும் வழியில் கீழூர் வழியாக வந்தேன். ஆப்ரிகாட் மரங்களில் காய் பிடித்திருக்கிறது. ராத்திரி முறைத் தண்ணீர் என்பதால் பெண்கள் பகலில் தூங்குகிறார்கள், ஊரே அமைதியாக இருந்தது.

நீ எழுதிய வாக்கியம் உண்மை, மஸ்தூரா. மையம் எந்த முடிவும் எடுக்கவில்லை. ஆனால் அதை வாசித்த அன்றே மதகு மூடும். என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை. மன்னித்துவிடு. என் வாழ்நாளில் நீ நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போடாதது இது முதல் தடவை.

அதற்குப் பதிலாக ஒரு யோசனை. மையத்தின் இணையப் பக்கத்தில் நிறுவனர்கள், ஆலோசகர்கள் என்று இரண்டு தலைப்பின் கீழும் என் பெயர் இருக்கிறது. இரண்டிலும் எடுத்துவிடு. அப்போது துஆ கேட்டவன் மையத்தின் ஆள் அல்ல. ஓஷில் இருக்கும் ஒரு கிழவன், சாப்பிட்டான், துஆ கேட்டான். மாவட்ட அலுவலகம் அவனை என்ன செய்துவிடும்? மையம் பிழைக்கும், தண்ணீரும் ஓடும்.

நீ உனக்காகக் கேட்டதற்குப் பதில்: வாயைத் திறந்தபோது எனக்குத் தெரியாது. அவர்கள் ஆமீன் சொன்னபோது தெரிந்தது. அந்த இடத்திலேயே, இல்லை, நான் அதைச் சொல்லவில்லை என்று மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை.

என்றும் உன் அண்ணன்,
கசிமாலி


ஓஷ்,
ஆகஸ்ட் 19, 2009

அன்புள்ள மஸ்தூராவுக்கு,

பதில் வரவில்லை. கடிதம் கொண்டுபோகும் லாரிக்காரரைக் கேட்டேன். உன் கையிலேயே கொடுத்ததாகச் சொல்கிறார். மையத்தின் பக்கத்தில் என் பெயர் இல்லை என்று என் பேரன் பார்த்துச் சொன்னான். நன்றி.

இனி மையத்து வேலையாக நீ எனக்கு எழுத வேண்டியதில்லை என்பது எனக்குப் புரிகிறது. யோசித்துப் பார்த்தால், இத்தனை வருஷமும் நாம் எழுதிக்கொண்டதெல்லாம் மையத்து வேலைதான். முழங்கால் நடுவில் வந்து போனது. ஆனாலும் அதைப் பற்றியாவது இரண்டு வரி எழுதினால் புருல் சந்தோஷப்படுவாள்.

கசிமாலி


குஜந்த்,
அக்டோபர் 27, 2009

என் அன்புக்குரிய கசிமாலி அண்ணா,

புருல் அண்ணி சந்தோஷப்படுவாராம்! இதைக்கூட அவர் தலையில் போட்டுத்தான் கேட்க வேண்டுமா?

கோபத்தில்தான் எழுதாமல் இருந்தேன். உங்கள் பெயரை எடுக்கும்படி ஷாஹ்னோசாவிடம் நானே சொன்னேன். அவள் அழுதாள். நான் அழவில்லை, வீட்டுக்கு வந்து மருமகளைத் திட்டினேன். பிறகு பேனாவை எடுப்பேன், மையத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை என்று வைத்துவிடுவேன். வேறு என்ன எழுதுவது என்று எனக்கும் தெரியவில்லை.

உங்கள் யோசனை நல்ல யோசனைதான், மாவட்ட அலுவலகம் வாயை மூடியது. ஆனால் நீங்கள் ஒன்றைக் கணக்கில் எடுக்கவில்லை. கீழூரில் தாவ்லத்தின் மகன் மையத்தின் பக்கத்தைப் பார்த்திருக்கிறான். துஆ கேட்டவரையே மையத்திலிருந்து விரட்டிவிட்டார்கள், அப்படியானால் துஆவும் செல்லாது என்று பேச்சு கிளம்பிவிட்டது. மேலூரில் மதகுக்கு மறுபடி பூட்டு வந்தது. கீழே டிராக்டர் பெட்டிகள் ஓரத்திலிருந்து மெல்ல மெல்லச் சாலை நடுவுக்கு நகர ஆரம்பித்தன. ஷாஹ்னோசா பதறிப்போய்ச் சொன்னாள். நான் கிளம்பினேன். முழங்காலோடு.

கைப்பையில் அந்த அறிவிப்பு இருந்தது, கையெழுத்து இல்லாமல். மடியில் ரொட்டிப் பை. போய் விஷயத்தை விளக்குவேன், சாப்பிட மாட்டேன், வந்துவிடுவேன். அதுதான் திட்டம். விளக்கினேன். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. சாப்பாட்டு விரிப்பைப் போட்டுவிட்டார்கள். இந்தத் தடவை கீழூரில், ஆடு தாவ்லத்துடையது, அரிசி சாத்திபால்டி கொண்டுவந்தது. நான் ரொட்டிப் பையை மடியிலிருந்து எடுக்கவே இல்லை, கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாத்திபால்டி அதைப் பார்த்துவிட்டு, "பிள்ள தூங்குதா அம்மா? கீழ படுக்கப்போடுங்க" என்றார். அண்ணா, நான் பையைக் கீழே வைத்துவிட்டேன். சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

முடிந்ததும் கைகளை விரித்தார்கள். அன்று அந்த விரிப்பில் மூத்தவள் நான்தான். ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், பெண்பிள்ளை கேட்கலாமா என்று. தாவ்லத்தான் பேசினார்.

"அம்மா, இது உங்க அண்ணன் ஆரம்பிச்சு வச்சது. முடிச்சு வைக்கறதும் உடைச்சுப் போடறதும் நீங்கதான். வேற யாருக்கும் உரிமை இல்ல."

அறிவிப்பு கைப்பையில் இருந்தது. எடுத்து வாசித்தால் விதி பிழைக்கும். எல்லாருடைய கையும் விரிந்தபடியே இருந்தது. நான் கையை விரித்தேன். ஆரோக்கியம், மழை, பிள்ளைகள் எல்லாம் கேட்டேன். பிறகு சொன்னேன்: இரவு நீர் கீழூருக்கு, பகல் நீர் மேலூருக்கு. ஆமீன் என்றார்கள். ஷாஹ்னோசாவும் ஆமீன் சொன்னாள், அப்புறம் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

திரும்பி வந்ததும் என் பெயரையும் எடுக்கச் சொல்லிவிட்டேன். அந்த அதிகாரி தொலைபேசியில், "அப்ப மையத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு எழுதிக்கலாமா?" என்றார். "எழுதிக்கங்க. ரெண்டு கிழடுங்க சாப்பிட்டுட்டுப் பேசினது" என்றேன். அவருக்கும் நிம்மதி போலிருக்கிறது, சிரித்தார். மையத்தை இனி ஷாஹ்னோசா பார்த்துக்கொள்வாள், விதிகளோடு.

இப்போது நிறுவனர்கள் என்ற தலைப்பின் கீழ் ஹமிதுல்லா மட்டும்தான் இருக்கிறார். இனி அவர் ஒருவர்தான் யார் வீட்டிலும் கை நனைக்க மாட்டார் என்று உறுதியாகச் சொல்லலாம்.

இத்துடன் ஒரு பை காய்ந்த ஆப்ரிகாட். நாவ்போக் மரத்தினுடையது. அண்ணியிடம் பாதியாவது போய்ச்சேரட்டும்.

வேலை எதுவும் இல்லாமலே எழுதும் உங்கள் தங்கை,
மஸ்தூரா


ஓஷ்,
நவம்பர் 8, 2009

அன்புள்ள மஸ்தூராவுக்கு,

ஆப்ரிகாட் வந்தது. பாதிக்கு மேலேயே புருலிடம் போய்விட்டது. என் பங்கை நான் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன், அவளுக்குத் தெரியும்.

உன் கடிதத்தைப் பின்னாலிருந்து படித்தேன். பிறகு முன்னாலிருந்து படித்தேன். பிறகு புருலுக்கு வாசித்துக் காட்டினேன், பிள்ளை தூங்குகிறதா என்ற இடத்தில் அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் வந்து கேட்டார்கள்.

ஒரு திருத்தம் மட்டும் சொல்ல வேண்டும். உன் துஆவில் சாலை விட்டுப்போய்விட்டது. இரவு நீர், பகல் நீர் இரண்டும் சரி. சாலை எல்லாருக்கும் என்பதை நீ சொல்லவில்லை. சந்தையில் மேலூர்க்காரர் ஒருவரைப் பார்த்தேன், பெட்டிகளை ஓரத்துக்கு இழுத்துவிட்டார்களாம், எங்கள் அம்மா மறந்துவிட்டார், நாங்கள் சேர்த்துக்கொண்டோம் என்றார். இருந்தாலும் அப்படி விடக்கூடாது. பனி உருகி வாய்க்காலில் புதுத் தண்ணீர் வரும்போது மறுபடி ஒரு தடவை முழுதாகக் கேட்டுவிட வேண்டும்.

நீயே கேள். உன் குரல் என்னுடையதைவிடத் தெளிவு. நான் பக்கத்தில் உட்கார்ந்து, சாலை வரும் இடத்தில் முழங்கையால் இடிக்கிறேன்.

மார்ச் கடைசியில் மேலூர் மதகடியில் சந்திப்போம். புருலும் வருகிறாள். ரொட்டிப் பையை நான் கொண்டுவரப் போவதில்லை. நீயும் கொண்டுவராதே.

உன் அண்ணன்,
கசிமாலி